தவ்லாவைப் பெற்றுக்கொண்டவர்

எங்கள் சிறைக்குள் வர ஒரு பெண்ணுக்கு யாருடைய துணையும் வேண்டாம். தன்னந்தனியாக வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். வெளியே போகத்தான் ஓர் ஆண் வேண்டும். அப்பன், அண்ணன், புருஷன், மகன், எவனாவது ஒருத்தன் வாசலுக்கு வந்து, "பெற்றுக்கொண்டேன்" என்று பெருவிரல் ரேகை வைத்தால்தான் கதவு திறக்கும். தண்டனை முடிந்ததா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சந்தையில் கோதுமை மூட்டை வாங்குகிறவன்கூட மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். இங்கே அதுவும் கிடையாது.

நான் தகிய்யா. பெண்கள் பகுதியின் காவல்காரி. எனக்கு வாய் நீளம் என்று என் புருஷனே சொல்வான், சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான். நான் பார்த்த மனுஷிகளிலேயே பெரிய மனுஷியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இந்த வாய் போதாது. இருந்தாலும் சொல்கிறேன்.

அவள் பெயர் தவ்லா. எங்கள் பேச்சில் தவ்லா என்றால் அரசாங்கம். அவளுடைய அப்பா மலையில் சோளம் விதைத்தவர். வரி வாங்க வருகிற ஆட்கள் மேல் இருந்த எரிச்சலில், "என் வீட்டிலயும் ஒரு அரசாங்கம் இருக்கட்டும், நான் அதட்டினா அதுவாவது கேக்கும்" என்று பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தாராம். "அதட்டினாரா பெரியம்மா?" என்று சிறையில் பெண்கள் கேட்பார்கள். "அதட்டினாரு. நான்தான் கேக்கல" என்பாள் அவள்.

ஆனால் அந்தப் பெயரை எங்கள் சிறையில் எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை. இந்த மலையில் ஆண்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் மானம் போய்விடுமாம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தையில் திரியலாம், தங்கையின் பெயரை மட்டும் வாயில் வைக்கக் கூடாது. ஆகவே எங்கள் பதிவில் இருப்பவர்கள் எல்லாம் இன்னாரின் தாய், இன்னாரின் மகள். தவ்லா, காசிமின் தாய். அந்தக் காசிமோ சவூதியில் சரியான தாள் இல்லாமல் ஆடு மேய்க்கிறான், எல்லையைத் தாண்டி வர முடியாது.

அவள் செய்த குற்றம், ஒரு கல்லை எறிந்தது. புருஷன் செத்த பிறகு அவனுடைய தம்பிகள் அவளுடைய வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைத்தார்கள். அடைத்தவனின் தாடையில் கல் விழுந்தது. "எங்க பாத்து எறிஞ்சே?" என்று நீதிபதி கேட்டதற்கு, "தாடையத்தான் பாத்து எறிஞ்சேன்" என்று சொன்னாளாம். தண்டனை முடிந்து இரண்டு ரமலான் போய்விட்டது. கொழுந்தன்மார்கள் வயலை உழுதுகொண்டிருக்கிறார்கள், அவளைப் பெற்றுக்கொள்ள எவன் வருவான்?

வந்தான் ஒருவன், ஆண்கள் போதைக்காகக் கன்னத்தில் அடக்கி மெல்லும் காத் இலையை விற்கிற கிழவன். இப்படி நிர்க்கதியான பெண்களைக் கல்யாணம் செய்து வெளியே எடுக்கிறோம் என்று சிலர் வருவார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தவ்லா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா, நான் உள்ள இருந்தா ஒருத்தருக்கும் சமைக்க வேண்டாம். உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்றாள். ஒன்பது பேர் என்றான். "அப்ப இங்கயே சௌகரியம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் சிறை அதிகாரி முஹ்சினை நாங்கள் ஃபந்தம், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், இவர் பயந்தவர். தவ்லா மாதம் ஒருமுறை அவரிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"ஃபந்தம், நான் கல்லெறிஞ்சப்ப, 'உனக்குப் பதிலா அடி வாங்க ஆம்பளைய கூட்டிட்டு வா'ன்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்ல, காசிமம்மா."

"தண்டனை வாங்க நான் ஒருத்தியே போதும். வெளிய போகறதுக்கு மட்டும் நான் போதலையா?"

"சட்டம் அப்படி. நான் என்ன செய்யட்டும்?"

"நானே என்னைப் பெத்துக்கறேன். என் பேர எழுதிக் குடுங்க, என் பேருல வெளிய போறேன்."

அவர் கன்னத்தில் அடக்கிய காத் இலையை ஒதுக்கிக்கொண்டு சன்னலைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

குஸூன் வந்தது இப்படியிருக்கும்போதுதான். பத்தொன்பது வயதுப் பெண். பதிவில் நாஜியின் மகள். கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட பள்ளி ஆசிரியரோடு ஒரு காரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், பிடித்துவிட்டார்கள். ஓர் ஆண்டு. அந்த ஆசிரியர் இரண்டே வாரத்தில் வெளியே போய்விட்டார், அவரைப் பெற்றுக்கொள்ள யாரும் வர வேண்டியிருக்கவில்லை. குஸூன் அழுதழுது இளைத்தாள். தவ்லாதான் அவளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, காப்பிக்கொட்டைத் தோலில் கிஷ்ர் காய்ச்சிக் கொடுத்து, வெந்தயத் துவையலில் ரொட்டியைத் தோய்த்து வாயில் திணித்து ஆளாக்கினாள்.

அவளுடைய ஆண்டும் முடிந்தது. அப்பா நாஜி பெருவிரல் வைக்கவும் வரவில்லை, மகன் வருவதற்கும் விடவில்லை. அது ஏன் என்று அவர் செத்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர் செத்த ஏழாம் நாள், குஸூனின் அம்மா யார் யாரையோ பிடித்து என் கைபேசி எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். அடித் தொண்டையில் பேசினாள். "அவ அண்ணன் நாளைக்கு வர்றான். எம் பொண்ணுகிட்ட சொல்லுங்கம்மா. வராதேன்னு சொல்லுங்க. நோவுன்னு சொல்லி உள்ளயே கெடன்னு சொல்லுங்க. நேத்து ராத்திரி அவன் கொல்லைல குழி வெட்டினான்." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் ஃபந்தமிடம் ஓடினேன். சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"எழுத்துல இருக்கா, தகிய்யா?"

"ஃபந்தம், குழி வெட்டறவன் எழுதிக் குடுத்துட்டா வெட்டுவான்?"

"அண்ணன்காரன் வந்து கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? அவன்தான் அவளுக்குப் பொறுப்பு. நான் தடுத்தா நாளைக்கு அவங்க கூட்டமே துப்பாக்கியோட வாசல்ல நிக்கும்."

வேலியே பயிரை மேய்கிறது என்று சொல்கிறேன், வேலியிடமே பயிரை ஒப்படைப்பேன் என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான். நேராக உள்ளே போய், குஸூனிடமும் தவ்லாவிடமும் அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன்.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே வெள்ளை டொயோட்டா வந்து நின்றது. அண்ணன் பெயர் தர்ஹம். இடுப்பில் ஜம்பியா என்கிற வளைந்த கத்தி, தோளில் துப்பாக்கி. சிறையிலிருந்து பெண்ணை அழைத்துப்போக வருகிற வீட்டார் புதுத்துணி ஒன்று கொண்டுவருவது வழக்கம், எவ்வளவு ஏழையும் ஒரு முக்காட்டுத் துணியாவது கொண்டுவருவான். இவன் கையில் ஒன்றும் இல்லை.

"யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?" என்று வாசல் சிப்பாய் ஜாபிர் கேட்டான்.

"எங்க வீட்டு ஆளை" என்றான் தர்ஹம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பேரு?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "நாஜி மக" என்றான். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை. ஃபந்தம் தாளை நீட்டினார். 'நாஜியின் மகளை நலமாகவும் முழுமையாகவும் பெற்றுக்கொண்டேன்.' பெருவிரலை மையில் அழுத்தி வைத்தான். ஃபந்தம் என்னைப் பார்க்காமலே, "போய்க் கூட்டிட்டு வா, தகிய்யா" என்றார்.

உள்ளே குஸூன் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். தவ்லா அவள் முன்னால் உட்கார்ந்து, அவளுடைய பிளாஸ்டிக் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். குஸூனின் கறுப்பு அங்கி ஏற்கெனவே அவள் மேல் ஏறியிருந்தது.

"பெரியம்மா, என்ன செய்யறீங்க?" என்றேன்.

"பாத்தா தெரியலையாடி? நாஜி மக வீட்டுக்குப் போறா."

"அவன் கொன்னுடுவான்."

"அவன் தங்கச்சியக் கொல்ல வந்திருக்கான். நான் அவன் தங்கச்சியா?" முகத்திரையின் இரண்டு மடிப்பையும் கண்ணுக்கு மேலே இழுத்துவிட்டாள். "அவன் இவ மூஞ்சியப் பாத்து ஒன்றரை வருஷமாச்சு. இப்பவும் பாக்கமாட்டான், பாத்தா அவனுக்குத்தான் அவமானம். பேரச் சொல்லிக் கூப்பிடமாட்டான். வழியில பேசமாட்டான். வெளிய நிக்கிற ஆம்பளை ஒருத்தனும் என் திரையத் தொடமாட்டான். என் மூஞ்சியப் பாக்கற உரிமை இந்த ஜெயில்ல உனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கு. பாத்தாச்சுல்ல? போலாம்."

குஸூன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் பெரியம்மா. எனக்காக நீங்க சாக வேணாம்."

"யாருடி சாகப் போறா? உங்க அம்மா பேரு என்ன, அத மட்டும் சொல்லு."

குஸூன் விழித்தாள். "ஹமாமா" என்றாள்.

"போதும்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. நான் கதவைத் திறந்தேன். தவ்லாவின் குதிகால்கள், உரல் மாதிரி வெடித்த மலைக்காரியின் குதிகால்கள், அந்தச் சின்னச் செருப்புக்கு வெளியே விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தன. பத்தொன்பது வயதுக் குதிகாலா அது என்று ஒருவன் கீழே பார்த்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை. தர்ஹம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியின் பின்கதவைத் திறந்தான். அவள் ஏறினாள். வண்டி மலையில் இறங்கிப் போனது.

நான் உள்ளே வந்து குஸூனுக்கு தவ்லாவின் போர்வையைப் போர்த்திவிட்டேன். அவன் ஊர் எல்லை வரை பொறுப்பானா? வழியிலேயே, திரையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், சுட்டுவிட்டால்? கதவைத் திறந்துவிட்டவள் நான். இறைவா, அந்த மனுஷியை எனக்குத் திருப்பிக் கொடு என்று வாய்விட்டுக் கேட்டேன்.

பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில், வழியில் ஆள் ஏற்றி ஓடும் ஒரு பகிர்வு வண்டி வாசலில் வந்து நின்றது. கறுப்பு அங்கி ஒன்று இறங்கிக் கதவைத் தட்டியது.

"யாரைப் பாக்க வந்தீங்க, அம்மா?" என்று ஜாபிர் கேட்டான்.

"யாரையும் பாக்க வரல தம்பி. நான் இந்த வீட்டு ஆளு. கதவைத் தெற."

அந்தக் குரலைக் கேட்டதும் நான் ஓடினேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். காவல்காரி கைதியைக் கட்டிக்கொண்டு அழலாமா என்றால், அழலாம், அன்று நான் அழுதேன். அப்புறம் ஃபந்தமின் அறையில் அவள் உட்கார்ந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பயமா இல்லையான்னு கேக்காதீங்க. முச்சந்தில காத் சந்தை கூடியிருக்கும், அந்தக் கூட்டத்துல வண்டி நின்னுதான் ஆகணும்னு எனக்குத் தெரியும். நின்னுச்சு. திரையத் தூக்கினேன். 'தம்பி, நீ யாரு? என்னை எங்க கொண்டுட்டுப் போற?'ன்னு கேட்டேன். சத்தமா இல்ல, முன் சீட்டுக்குக் கேக்கற மாதிரி. திரும்பினான் பாருங்க, அவன் கன்னத்துல இருந்த காத் கீழ விழுந்துடுச்சு. கை துப்பாக்கிக்குப் போச்சு. 'சுடு'ன்னேன். 'வெளிய நிக்கிறது இருநூறு ஆம்பளைங்க. அடுத்தவன் வீட்டுப் பொம்பளைய வண்டில ஏத்திட்டு வந்து சுட்டேன்னு சொல்லு. நம்ம மலை வழக்கப்படி பொம்பளையத் தூக்கினா அபராதம் பதினோரு மடங்கு. உங்க கூட்டமே வயலை வித்துக் கட்டும்.' அவன் வாயத் தெறந்தான். 'நீ கத்தினேன்னா, உன் ஆத்தா பேரையும் தங்கச்சி பேரையும் இந்தச் சந்தைக்கே கேக்கற மாதிரி கூவுவேன். எனக்கு ரெண்டும் தெரியும்'னேன். அப்பதான் ஃபந்தம், அந்தப் பய கண்ணுல தண்ணி நின்னுச்சு. துப்பாக்கிக்குப் பயப்படாதவன் ஆத்தா பேருக்குப் பயந்தான்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? 'உன் தங்கச்சிய முழுசா பெத்துக்கிட்டேன்னு ரேகை வெச்சிருக்க. இனிமே அவ தலைமயிர் ஒண்ணு கொறஞ்சாலும் உன்னைத்தான் கேப்பாங்க. வீட்டுக்குப் போயி அந்தக் குழியில ஒரு மரத்த நடு'ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்."

ஃபந்தம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எறங்கினவ அப்படியே போயிருக்கலாமே. ஏன் திரும்பி வந்தே, காசிமம்மா?"

"நான் போயிட்டா தகிய்யா பொழப்புப் போயிடும். அது ஒண்ணு." அவள் கால்களை நீட்டி, அந்தச் சின்னச் செருப்பைக் கழற்றினாள். "ரெண்டாவது, நான் போனது நாஜி மகளா. இன்னொருத்தி பேர்ல போனா அது ஓடறது. நான் எதுக்கு ஓடணும்? கொழுந்தன் வாசல்ல போயி நின்னு, எனக்கு விடுதலை ஆயிடுச்சு, என் வயலைக் குடுன்னு கேக்கணும். மடியில கனமில்லாமப் போகணும்."

நான்தான் பேசினேன், நீளமான வாய் வேறு எதற்கு இருக்கிறது?

"ஃபந்தம், நாஜி மக காலைலயே அண்ணன் கையில போயிட்டா. உங்க தாள் சொல்லுது. உள்ள உக்காந்திருக்கற பொண்ணு யாரு? இங்க இல்லாத பொண்ண எந்தச் சட்டத்துல பூட்டி வெக்கறீங்க? தப்பா அனுப்பிட்டோம்னு எழுதப்போறீங்களா? அடுத்தவன் வீட்டுப் பொம்பளைய நீங்களே கையால ஒரு ஆயுதக்காரன்கிட்ட குடுத்தீங்கன்னு எழுதணும். எழுதுங்க. மேசையத் தொடைச்சுத் தர்றேன், நேத்து தேத்தண்ணி கொட்டினது இன்னும் காயல."

அவர் சிரித்துவிட்டார். பயந்தவர்கள் சிரிக்கும்போது பாதி அழுகை இருக்கும். "ஏடன்ல அந்தப் பொண்ணுக்குச் சித்தி இருக்கான்னு சொன்னியே. அந்தப் பகிர்வு வண்டி இன்னும் வாசல்ல நிக்குதா?" என்று கேட்டார்.

நின்றது. இருட்டுவதற்கு முன் குஸூன் அதில் ஏறினாள். ஏறும் முன் தவ்லாவின் காலைத் தொடக் குனிந்தாள், தவ்லா தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "போ. சித்தி வீட்டுல ஒழுங்காச் சாப்பிடு. எவனாவது பேரு கேட்டா முழுப் பேரையும் சொல்லு" என்றாள். அந்தப் பெண் ஓர் ஆணும் இல்லாமல், யாரும் பெற்றுக்கொள்ளாமல், எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். நான் பார்த்தேன். வானம் இடிந்து விழவில்லை.

தவ்லா மட்டும் அறையை விட்டு நகரவில்லை.

"ஃபந்தம், நான் தனியா சந்தைக்குப் போனேன், தனியா திரும்பி வந்தேன். பொம்பளை தனியாப் போனா என்ன ஆகும்னு கேப்பீங்கல்ல, இதுதான் ஆகும். எழுதுங்க."

"எழுதினா மேலிடத்துல கிழிச்சுப் போட்டுடுவாங்க, காசிமம்மா."

"கிழிக்கறது அவங்க பாடு. எழுதறது உங்க பாடு."

அன்று ஒரு நல்லது செய்த துணிச்சலோ, அவள் தொல்லை விட்டால் போதும் என்றோ தெரியவில்லை, அவர் ஒரு தாளை எடுத்தார். 'காசிமின் தாய். தண்டனை முடிந்தது.' கீழே, 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தவ்லா" என்றாள் அவள்.

எழுதினார். அவள் தன் பெருவிரலைத் தானே மையில் அழுத்தி வைத்தாள். அன்றிரவு தன் பாயில் குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கிழிந்து வரப்போகிற தாளுக்கு இந்த மனுஷி காத்திருக்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது, கிழியாமல். ஃபந்தம் என்னைக் கூப்பிட்டு நீட்டினார். மேலிடத்து முத்திரைக்கு மேலே எவரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மேற்படி காசிமின் தாயை அரசாங்கமே பெற்றுக்கொண்டுள்ளபடியால் வேறு ஆண் பொறுப்பாளர் தேவையில்லை. உடனே விடுவிக்கவும்.'

நான் இரண்டு தடவை படித்தேன். ஃபந்தம் காத்தை மெல்லுவதையே மறந்திருந்தார். அவள் பெயரை இத்தனை காலம் எல்லாரும் எழுதாமல் மறைத்தார்களே, அதனால்தான் அது ஒரு பெண்ணின் பெயர் என்று மேலிடத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. "சொல்லிடாதே" என்றார் ஃபந்தம். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

காலையில் பெண்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று குலவையிட்டார்கள். குஸூன் விட்டுப்போன செருப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு, தன் சொந்தச் செருப்பில், முகத்தை நிமிர்த்தி தவ்லா நடந்து வந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

"கூட்டிட்டுப் போக யாரு வந்திருக்கா?" என்று ஜாபிர் கேட்டான்.

"தவ்லா" என்றேன்.

அவன் திடுக்கிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டான், தொப்பியைச் சரிசெய்தான், விறைப்பாக நின்று அரசாங்க வண்டி எங்கே என்று சாலையைப் பார்த்தான். வண்டி எதுவும் வரவில்லை. தவ்லா அவன் முன்னாலேயே அவனைத் தாண்டி, சாலையில் இறங்கி, தன் வயல் இருக்கும் மலைப்பக்கமாகத் திரும்பினாள்.